25 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி

சிதம்பரம் ஓமக்குளம் பக்கம் போகிறவர்கள் சுவாமி சகஜானந்தரின் மணிமண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 27ஆம் தேதி அங்கே மாலைகள் குவியும். கட்சிக் கொடிகளோடு கார்கள் வரும். மறுநாள் அந்த இடம் அமைதியாகிவிடும். மாலை போடுகிற நம்மில் பலருக்கு அவர் ஒரு சாமியார், ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்கிற அளவில்தான் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படிப்பு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே பள்ளிக்கூடம் கட்டியவர் அவர் என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் அண்ணாமலை, அலமேலு. வைத்த பெயர் முனுசாமி. பறையர் குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போவது அரிதாக இருந்த காலம். ஊர்ப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஊர்த்தெருவிலோ அக்கிரகாரத்திலோ இருந்தன. அந்தத் தெருவில் நடக்கவே தடை இருந்தபோது, திண்ணையில் ஏறி உட்கார்ந்து படிப்பது எப்படி? மிஷன் பள்ளிகள்தான் முதல் கதவைத் திறந்தன. முனுசாமியும் அந்த வழியாகத்தான் போனார். திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தார். கெட்டிக்கார மாணவன் என்று பெயர் எடுத்தார். மதம் மாறுவதற்கு மட்டும் அவர் இசையவில்லை. படிப்பு அங்கே தொடரவில்லை.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். மிஷன் பள்ளிகளால் எழுத்தறிவு பெற்ற தலித் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆனாலும் சோற்றையும் பாயையும் பாடத்தையும் ஒரே கை கொடுத்து, அந்தக் கை ஒரு நிபந்தனையையும் வைத்தால், பிள்ளைக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் போக்கிடம் இல்லாத நிலையை முனுசாமி சிறுவயதிலேயே அனுபவித்தார்.

பிறகு கோலார். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்கப் போன ஆயிரக்கணக்கானோரில் அவருடைய குடும்பமும் ஒன்று. படிப்பு நின்ற பிள்ளை போய்ச் சேருகிற இடம் அன்றைக்குச் சுரங்கம். இன்றைக்கு அது திருப்பூராகவோ செங்கல் சூளையாகவோ இருக்கிறது. முனுசாமி அங்கேயே தங்கிவிடவில்லை. சென்னை வந்தார். வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளைக் குருவாக ஏற்றார். கையையே பாத்திரமாக ஏந்தி உண்டதால் அந்தத் துறவிக்கு அப்படி ஒரு பெயர். சாதி பாராமல் இவரைச் சேர்த்துக்கொண்டார். தமிழ் இலக்கணம், சைவ நூல்கள், வடமொழி, வேதாந்தம் எல்லாம் அந்த மடத்தில் படித்தார். சகஜானந்தர் என்ற பெயரும் அங்கே வந்ததுதான். பள்ளிக்கூடம் கைவிட்ட ஒருவரை ஒரு ஆசிரியர் கைதூக்கிவிட்டார்.

1910இல் சிதம்பரம் வந்தார். அப்போது அவருக்கு இருபது வயது. நந்தனார் பெயரில் மடம் தொடங்கினார். 1916இல் அதே பெயரில் பள்ளிக்கூடம் திறந்தார். சேர்ந்த பிள்ளைகள் 25 பேர்.

பெயரைக் கவனியுங்கள். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார், தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாளைக் கடத்தியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய சரித்திரக் கீர்த்தனையில் நந்தனுக்கு ஒரு பண்ணையாரும் வந்து சேர்கிறார். ஆண்டையிடம் விடுப்பு கேட்காமல் நந்தன் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. அந்தப் பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லை. தென்னாற்காட்டு நெல்வயல்களில் இருந்தார். பண்ணையாளின் பிள்ளை பத்து வயதானால் ஆண்டை வீட்டு மாட்டை மேய்க்க வேண்டும். அப்பன் வாங்கிய கடனுக்கு மகனின் உழைப்பும் சேர்த்தே கணக்கு. ஆகையால் பள்ளிக்கு ஒரு பிள்ளையைக் கேட்டுப் போகிறவர் பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாது. பண்ணையாரின் கோபத்தையும் தாங்க வேண்டும். நந்தன் விடுப்பு கேட்டு நின்ற அதே மண்ணில், நந்தன் பெயரால் பிள்ளைகளை வயலிலிருந்து விடுவித்துக் கொண்டுவந்தார் சகஜானந்தர்.

பள்ளியோடு விடுதியையும் சேர்த்து நடத்தினார். இதுதான் அவருடைய கல்விப் பணியில் பெரிய காரியம் என்று நாம் நினைக்கிறோம். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் தொடக்கப் பள்ளி எங்காவது பக்கத்தில் கிடைத்துவிடலாம். அதற்கு மேல் படிக்க நகரத்துக்குத்தான் வர வேண்டும். சேரிப் பிள்ளைக்கு நகரத்தில் வீடு வாடகைக்குக் கிடைக்காது. சாப்பாட்டுக் கடையில் உட்கார முடியாது. தினமும் நடந்து வந்து போனால் புத்தகத்தைத் திறக்கும்போதே கண் செருகும். விளக்கெண்ணெய் வாங்கக் காசிருக்காது. அறிவுக்குறைவு என்று ஊர் சொன்னதெல்லாம் உண்மையில் பசியும் தூரமும் இருட்டும்தான். தங்க இடம், மூன்று வேளைச் சோறு, ராத்திரியில் விளக்கு, அதட்டவும் அணைக்கவும் ஒரு பெரியவர். இவை இருந்தால் எந்தப் பிள்ளையும் படிக்கும் என்று அந்த விடுதி காட்டியது. செலவுக்கு அவர் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். பிற சாதியினரிடமும் தயங்காமல் கேட்டார்.

1929இல் அதே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதன் வாசல்வரை பிள்ளை போய்ச் சேருவதற்குப் பாதை வேண்டும். நந்தனார் பள்ளி அந்தப் பாதையாக இருந்தது.

1926 முதல் 1932 வரையும், பின்னர் 1936 முதல் 1947 வரையும் சென்னை மாகாண மேலவையில் உறுப்பினராக இருந்தார். விடுதலைக்குப் பிறகு காங்கிரஸ் சார்பில் சிதம்பரம் தொகுதியில் 1952, 1957 தேர்தல்களில் வென்றார். அவையில் அவர் பேசியவற்றில் கல்வியும் உதவித்தொகையும் மனைப்பட்டாவும் நிலமும் திரும்பத் திரும்ப வரும். காவி கட்டியவர் வீட்டுமனையைப் பற்றிப் பேசுகிறாரே என்று வியக்க வேண்டியதில்லை. குடியிருக்கும் மண் ஆண்டையுடையது என்றால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் துணிச்சல் யாருக்கு வரும்? அவருக்கு அது ஒரே பிரச்சினைதான்.

அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நாம் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. இந்து சமயத்துக்குள் நின்றே விடுதலை தேடலாம் என்று அவர் நம்பினார். அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தின் பக்கம் போனார், அம்பேத்கரும் போனார். நமக்கு அவர்கள் வழிதான் உவப்பு. ஆனாலும் சமய விவாதத்தில் தோற்கடித்துவிட்டு அவரை ஒதுக்குகிறவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறார்கள்?

1959 மே 1ஆம் தேதி அவர் மறைந்தார். நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் சிதம்பரத்தில் இன்றும் நடக்கின்றன.

அவர் கண்டுகொண்ட அந்த வெடிப்பு இன்னும் முழுதாக மூடவில்லை. காலனியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுவதில்லை. எட்டாம் வகுப்புவரை கட்டாயக் கல்விச் சட்டம் பிடித்துக்கொண்டிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளையும் எட்டுவரை வந்துவிடும். ஒன்பதில் கணக்கும் அறிவியலும் ஒன்றாக மேலே விழும்போது, கைவேலைக்குக் கூப்பிடும் மாமன் வீட்டு வாசலில் நிற்பார்.

எட்டாம் வகுப்பில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. மனத்திறனுக்கு 90 கேள்விகள், பாடங்களிலிருந்து 90 கேள்விகள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும்வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். ஏழாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள் என்பதால், தயாரிப்பை எட்டில் தொடங்கினால் தாமதம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும். கடைசி நாளில் வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வாரமே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.