டெபியன் தந்த இயன் முர்டாக்

லேபில் லினக்ஸ் தொட்ட எல்லோருக்கும் டெபியன் தெரியும். அதைத் தொடங்கியவரும் நம்மைப் போல ஒரு மாணவர்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இயன் முர்டாக் 1973 ஏப்ரல் 28 அன்று ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அன்று கிடைத்த எஸ்.எல்.எஸ். என்ற லினக்ஸ் தொகுப்பில் ஏகப்பட்ட கோளாறு. குறை சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1993 ஆகஸ்ட் 16-இல் தானே ஒரு தொகுப்பை அறிவித்தார். வயது 20! தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார்.

மென்பொருள் பொட்டலமாக வரவேண்டும்; ஏற்றியபின் செய்யவேண்டிய வேலையும் அதற்குள்ளேயே இருக்கவேண்டும். இதற்காக அவர் தொடங்கியதே டிபிகேஜி என்ற கருவி. பிறகு பலர் அதை வளர்த்தார்கள்.

இதன் அருமை கெர்னல் மாற்றும்போது புரியும். ரூட்டில் 'விஎம்லினஸ்' என்ற பெயர் கெர்னல் அல்ல; கெர்னல் இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி. பக்கத்தில் 'இனிட்ஆர்டி' என்ற இன்னொரு கைகாட்டி, டிஸ்க்கைத் திறக்கும் டிரைவர்கள் அடங்கிய துவக்க இமேஜைக் காட்டும். இரண்டும் ஒரே வெர்ஷனைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாது, மெஷின் எழும்பாது.

எங்கள் எமரால்டில் மழை பிடித்தால் கரண்ட் நிற்காது. ஒருநாள் கெர்னல் ஏறும்போதே போய்விட்டது. இரண்டு பெயரும் புது வெர்ஷனுக்கு மாறிவிட்டன. இமேஜ் மட்டும் உருவாகவில்லை. கைகாட்டி நட்டாச்சு, ரோடு போடலை! செமஸ்டர் ப்ராஜெக்ட் முழுக்க உள்ளே. நல்லவேளை, 'ஓல்டு' என்ற பெயர்கள் பழைய ஜோடியைக் காட்டிக்கொண்டிருந்தன. அதில் உள்ளே போய், மிச்ச வேலையை டிபிகேஜியிடமே முடிக்கச் சொன்னேன். எது பாதியில் நின்றது என்று அது குறித்து வைத்திருந்தது. ப்ராஜெக்ட் பிழைத்தது.

முர்டாக் 1996-இல் தலைமையை மற்றவரிடம் விட்டார். 2015 டிசம்பர் 28-இல், 42 வயதில் மறைந்தார். 2017-இல் வந்த டெபியன் 9 அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் எழுந்ததே.

ஆகவே நண்பர்களே, கெர்னல் மாற்றினால் ரீபூட்டுக்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்: இரண்டு பெயரும் ஒரே வெர்ஷனைக் காட்டுகின்றனவா? காட்டும் இடத்தில் ஃபைல் நிஜமாகவே இருக்கிறதா?