புளியமரத்தடியில் ஓராண்டு

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயர் சூட்டியவர், தாய்மாமனாகிய பெரிய திருமலை நம்பி என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. திருமலையில் வேங்கடவனுக்குத் தீர்த்தம் சுமந்து கைங்கர்யம் செய்துவந்த மகான் அவர். அந்த மருமகனே பிற்காலத்தில் ஸ்ரீ ராமானுஜராகி, மாணவராய் அவர் முன் வந்து அமர்ந்தார்.

அப்போது ராமானுஜர் திருவரங்கத்தில் பலருக்கும் உபதேசிக்கும் ஆசாரியராக இருந்தார். வேதாந்தத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். ஸ்ரீமத் ராமாயணத்தை அவர் அறியாதவர் என்று சொல்ல இயலுமா? எனினும் ஆளவந்தாரின் சீடர்கள் ஐவரிடம் ஒவ்வொரு பொருளாகக் கேட்டறிவது அவருக்கு வாய்த்த முறை. ராமாயணத்தின் உட்பொருள் திருமலை நம்பியின் பங்காயிற்று.

பாடம் நடந்த இடம் மலையடிவாரம். முன்னர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் திருப்பதியில், மலைப்பாதை தொடங்கும் அலிபிரியே அவ்விடம் என்பர். அடிப்புளி என்ற சொல்லே அவ்வாறு மருவியதாகப் பெரியோர் கூறுவதுண்டு. முதியவரான நம்பி மலையிலிருந்து இறங்கி வந்து, அங்கிருந்த புளியமரத்தடியில் பாடம் சொல்வார். அதனால் உச்சிக்கால தரிசனத்தை இழந்து அவர் வருந்தியதாகவும், அவ்வருத்தம் தீர இறைவனின் திருவடிகள் அங்கேயே தோன்றியதாகவும் ஐதிகம்.

இவ்வாறு ஓராண்டு கழிந்தது. ராமாயணம் 24,000 சுலோகங்கள் கொண்டது என்பர். ஓராண்டுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 66. ராமானுஜரின் மேதைக்கு இது மிகச் சிறிய அளவே. ஆயினும் கேட்டதை அசைபோட ஓர் இரவு, மறுநாள் அதன் தொடர்ச்சி என்ற இந்த நிதானத்தில் ஆழ்ந்த நன்மை உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து ஆராய்ந்து, 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிய பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து ஓதிய 38 முறையே தந்துவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. புதிதாகக் கற்றவை உறக்கத்தின்போது மூளையில் மீண்டும் தூண்டப்பெற்று உறுதிப்படுகின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் கண்விழிக்கும் மாணவர் இழப்பது இதைத்தான்.

ராமானுஜரின் வாழ்வில் நினைவாற்றல் ஒரு பெருங்காரியத்தையே காத்த நிகழ்ச்சியும் உண்டு. பிரம்ம சூத்திரத்திற்கு உரை எழுத, போதாயனரின் விருத்தி அவருக்குத் தேவைப்பட்டது. சீடர் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் சென்று அந்த ஏட்டைப் பெற்றார். வழியில் அது பறிக்கப்பட்டது. உரை எழுதுவதாக ஆளவந்தாருக்கு அளித்த வாக்கு என்னாகுமோ என்று ராமானுஜர் கலங்கினார். தாம் இரவுதோறும் அதனைப் படித்து முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டதாக ஆழ்வான் தெரிவித்தார்.

பின்னர் ராமானுஜர் சொல்ல, ஆழ்வான் ஸ்ரீபாஷ்யத்தை எழுதினார். தமக்கு ஒவ்வாத கருத்து வந்தால் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசாரியரின் ஆணை. ஒருமுறை அவ்வாறே நிறுத்தினார். முதலில் சினந்த ராமானுஜர், பிறகு சிந்தித்துத் தம் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டார். ஆழ்வான் வெறுமனே மனப்பாடம் செய்தவர் அல்லர் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவருடைய ஆற்றல் அரிதினும் அரிது. புளியமரத்தடியில் ராமானுஜர் கற்ற முறையோ எவருக்கும் எட்டக்கூடியது.

அந்த ஓராண்டின் இறுதியில், நம்பியிடம் கைங்கர்யம் செய்துவந்த தம் சிற்றன்னை மகன் கோவிந்தரை ராமானுஜர் யாசித்துப் பெற்று, உடன் அழைத்துச் சென்றார். அவரே பின்னாளில் எம்பார் எனப்பட்டார். நம்பி கூறிய பொருளும் அவர்களுடன் மலையடிவாரத்தை விட்டுப் புறப்பட்டது. ஆசாரியர் சொல்லச் சீடர் கேட்பதாக ராமாயண விளக்கங்கள் பல தலைமுறைகள் வளர்ந்தன. அவ்வழி வந்த பெரியவாச்சான் பிள்ளை, தேர்ந்த ராமாயண சுலோகங்களுக்குத் தனிச்லோகி என்ற வியாக்கியானத்தை 13-ஆம் நூற்றாண்டில் இயற்றினார்.