ராம் நாத் சோப்ரா

சர் ராம் நாத் சோப்ரா (ஆகஸ்ட் 17, 1882 - ஜூன் 13, 1973) இந்திய மருத்துவரும் மருந்தியல் அறிஞரும் ஆவார். இந்திய மருந்தியலின் தந்தை என அழைக்கப்படுகிறார். குறிப்பிட்ட சில மருந்துகளை மருத்துவரின் சீட்டு இன்றி விற்கலாகாது என்னும் இந்திய நடைமுறைக்கு அடிப்படையான சட்டம், இவர் தலைமை தாங்கிய மருந்து விசாரணைக் குழுவின் பரிந்துரைகளின் வழி உருவானது.

வாழ்க்கைக் குறிப்பு

இன்றைய பாக்கிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் கல்வி கற்றார். கேம்பிரிட்ஜில் மருந்தியல் அறிஞர் வால்டர் டிக்சனிடம் பெற்ற பயிற்சியே இவரை இத்துறைக்கு ஈர்த்தது. 1908 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றினார். 1921 இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் முதல் மருந்தியல் பேராசிரியரானார். அபின், கஞ்சா ஆகியவற்றுக்கு மக்கள் அடிமையாவதைப் பற்றிப் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்தார். கஞ்சா பற்றிய இவரது விரிவான அறிக்கை 1939 இல் வெளியானது.

மருந்து விசாரணைக் குழு

அக்காலத்தில் இந்தியா முழுமைக்கும் பொருந்தும் மருந்துச் சட்டம் எதுவும் இல்லை. தரங்குறைந்த மருந்துகளும் கலப்படம் செய்தவையும் தடையின்றி விற்கப்பட்டன. மலேரியா நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட குயினைனில் போதிய குயினைன் இல்லையெனில் நோயாளி இறக்க நேரிடும். ஆகவே இது வெறும் வணிக மோசடி அன்று. 1930 இல் அரசு அமைத்த குழுவுக்குச் சோப்ரா தலைவரானார். மைய அரசின் சட்டம், மருந்துச் சோதனைக் கூடங்கள், மருந்தாளுநர்களுக்கு முறையான கல்வி ஆகியவற்றை 1931 இல் வெளியான அறிக்கை கோரியது. எனினும் சட்டம் உடனே வரவில்லை. சோதனைக் கூடம் 1937 இல் கல்கத்தாவில் அமைந்தது. மருந்துச் சட்டம் 1940 இலும், அதன் விதிகள் 1945 இலும், மருந்தாளுமைச் சட்டம் 1948 இலும் வந்தன.

கொக்கெயின், மார்ஃபின் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் அபாயகர மருந்துகள் சட்டம் 1930 இலேயே தனியாக இயற்றப்பட்டிருந்தது. 1985 ஆம் ஆண்டின் போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் அதற்கு மாற்றாக வந்தது. ஆனால் கடை மேசையில் சீட்டைச் சரிபார்க்கும் வேலையை விவரிப்பவை 1945 ஆம் ஆண்டு விதிகளே. அவற்றின்படி சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு ஆகியன இருத்தல் வேண்டும். மருத்துவர் குறிப்பிட்டிருந்தால் அன்றி ஒரே சீட்டுக்கு இருமுறை மருந்து தரலாகாது. விற்றவர் தம் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே பதிய வேண்டும். ஒரே சீட்டைக் கடை கடையாகக் காட்டி மருந்து வாங்குவதை இப்பதிவு தடுக்கிறது. கையொப்பத்தையே போலியாக இட்டால் இது போதாது. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை மருந்துகளுக்கு மருத்துவர், நோயாளி பெயர்களுடன் தனிப் பதிவேட்டை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. சீட்டைப் போலியாக உருவாக்குவது பொதுவான குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா ஆகும். அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

நாட்டு மருந்துகள்

சோப்ராவின் இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய நூல் 1933 இல் வெளியானது. அதே ஆண்டில் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை இவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். 1946 இல் அமைந்த நாட்டு மருத்துவ முறைகள் குழுவுக்கும் இவரே தலைவர். எனினும் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்லும் கொல்லிமலை போன்ற மூலிகை மலைகளை நம்பியிருக்கும் சித்த மருந்துகள் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

இறுதிக் காலம்

1941 இல் சர் பட்டம் பெற்றார். ஓய்வுக்குப் பின் 1957 வரை ஜம்மு காஷ்மீரின் மருந்து ஆய்வுக்கூடத்தை நடத்தினார். 1983 இல் இந்திய அஞ்சல் துறை இவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.