உலகைப் படம் பிடித்த கோடீசுவரர்

பாரிஸ் நகரை ஒட்டி ஓர் அழகிய பூங்கா இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஆல்பர்ட் கான்.

1860-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் மாட்டு வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாங்கியில் குமாஸ்தா வேலை. பிறகு, தென் ஆப்பிரிக்கச் சுரங்கப் பங்குகளில் பணம் போட்டார். கோடீசுவரர் ஆனார்!

பிற நாட்டு மக்கள் வாழும் விதத்தைக் கண்ணால் பார்த்தால், யாரும் போர் செய்ய மாட்டார்கள் என்று அவர் நம்பினார். சுமார் 50 நாடுகளுக்குப் போட்டோக்காரர்களை அனுப்பினார். செலவு எல்லாம் அவருடையது.

1912-ல் போஸ்னியாவின் மோஸ்தார் பாலத்தை எடுத்தார்கள். 1913-ல் இந்தியாவுக்கும் வந்தார்கள். மொத்தம் சுமார் 72 ஆயிரம் கலர் படங்கள்! சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவு பூசிய கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் அவை.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு அவற்றைத் திரையில் போட்டுக் காட்டுவார். 1921-ல் கவி தாகூரும் அங்கே விருந்தாளி. ஆனால், தன்னை மட்டும் படம் எடுக்க கான் எளிதில் விடமாட்டார்.

எல்லாம் போயிற்று

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கானின் செல்வம் கரைந்தது. வீடும் தோட்டமும் படங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. தோட்டம் பொதுப் பூங்கா ஆயிற்று. அந்த வீட்டில் தங்கியிருக்க மட்டும் அவரை அனுமதித்தார்கள்.

1940 நவம்பரில் அங்கேயே இறந்தார். அப்போது பாரிஸ், ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது. போரைத் தடுக்க நினைத்தவரின் வாசலுக்கே போர் வந்துவிட்டது!

மோஸ்தார் பாலமும் 1993-ல் போரில் இடிந்தது. 2004-ல் மீண்டும் கட்டினார்கள். ஆனால் அந்தப் பழைய பாலம், கானின் படத்தில் இன்றும் அப்படியே நிற்கிறது.