பகைநாட்டில் மெய்ப்பிக்கப்பட்ட மருந்து

அன்றைய ருஷ்யப் பேரரசின் ஆளுகையிலிருந்த பியாலிஸ்டாக் நகரில், 1906-இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஆல்பர்ட் சேபின். 1921-இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. உறவினரின் பொருளுதவியால் பல் மருத்துவம் பயிலத் தொடங்கியவர், நுண்ணுயிரியலில் ஈடுபாடு கொண்டு அதைக் கைவிட்டார்; உதவியும் நின்றது.

போலியோ தீநுண்மி மூக்கின் வழியே நரம்பைத் தாக்குகிறது என்றே அறிஞர்கள் பலர் கருதிவந்தனர். நோயால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த சேபின், அது குடலில் பெருகுவதைக் காட்டினார். குடலிலேயே அதைத் தடுக்க, வீரியம் குறைத்த உயிருள்ள தீநுண்மியைச் சொட்டு மருந்தாக்கினார். தமக்கும் தம் குழந்தைகளுக்கும் அதைக் கொடுத்துச் சோதித்தார். சிறைக் கைதிகளுக்கும் கொடுத்தார். இன்றைய மருத்துவ அறம் இதனை எளிதில் ஏற்காது.

ஆனால், 1955-இலேயே ஜோனஸ் சால்க்கின் ஊசி மருந்து அமெரிக்காவில் பரவிவிட்டது. பெருஞ்சோதனைக்கு அங்கே இடமில்லை. பனிப்போர்க் காலத்திலும் தம் தீநுண்மி வகைகளை சோவியத் அறிஞர் மிகயீல் சுமக்கோவிடம் சேபின் அளித்தார். 1959-இல் அங்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சொட்டு மருந்து பெற்றனர். பகைநாட்டின் முடிவுகளை அமெரிக்கர் பலர் ஐயுற்றனர். உலக சுகாதார அமைப்பின் சார்பில் சென்ற டோரத்தி ஹார்ஸ்ட்மன் நேரில் ஆராய்ந்து உறுதிசெய்த பின்னரே ஐயம் தணிந்தது. சேபின் காப்புரிமை கோரவில்லை.

வீரியம் குறைத்த தீநுண்மி மிக அரிதாக மீண்டும் வலுப்பெற்று வாதத்தை விளைவிக்கும். இதை ஏற்க அவர் நெடுங்காலம் மறுத்தது அவரது பிடிவாதமே. 1993-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கண்டங்கள் போலியோ அற்றவையாக அறிவிக்கப்பட்டன. 2014-இல் அச்சான்றைப் பெற்ற இந்தியாவில், அவரது சொட்டு மருந்துடன் ஊசி மருந்தும் இன்று சேர்த்தே அளிக்கப்படுகிறது.