5 பவுன் கடன்!

லிவர்பூல் நகரத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். மாமிசம் இறக்குமதி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுவது அவர் வேலை. யந்திரத் தொழில் படித்தவர் அல்ல. 16 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனாலும், அவர் பெயர் உலகம் முழுவதும் குழந்தைகளுக்குத் தெரிந்த பெயர் ஆயிற்று.

அவர்தான் பிராங்க் ஹார்ன்பி. 1863-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பிறந்தவர்.

அவருக்கு ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு மகன்கள். அவர்களுக்காக வீட்டில் உலோகத் தகட்டை வெட்டி, பாலமும் பாரந்தூக்கியும் செய்து கொடுப்பார். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது.

ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லாப் பட்டைகளும் அரை அங்குல அகலம். அரை அங்குலத்துக்கு ஒரு துளை. திருகாணி போட்டு முடுக்கினால் பாலம். கழற்றி மாட்டினால் வண்டி! ஒரே பட்டைகளால் எத்தனையோ பொம்மைகள் செய்யலாம்.

இந்த யோசனையைச் சர்க்காரில் பதிவு செய்ய வேண்டும். கையில் பணம் இல்லை. தமது முதலாளி டேவிட் எலியட்டிடம் 5 பவுன் கடன் கேட்டார். முதலாளி கொடுத்தார். 1901-ம் ஆண்டு ஜனவரியில் பதிவு ஆயிற்று. அப்போது ஹார்ன்பிக்கு வயது 37. எலியட் பிறகு தொழிலில் பங்காளியாகவும் சேர்ந்தார்.

உடனே பணம் கொட்டிவிடவில்லை. சாமான்கள் விற்றன, லாபம் இல்லை. பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் பொம்மை என்று சில ஆண்டுகள் ஓடின. 1906-ல்தான் முதல் லாபத்தைக் கண்டார். மறு ஆண்டு ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். மாதச் சம்பளத்தை விட்டார்! தம் பொம்மைக்கு 'மெக்கானோ' என்று பெயர் சூட்டினார். 1908-ல் கம்பெனி பிறந்தது. எலியட் அதில் சேரவில்லை. லாபமோ நஷ்டமோ, இனி ஹார்ன்பி ஒருவர் தலையில்தான்.

அவர் துணிச்சல் வீண் போகவில்லை. 1914-ல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1920-ல் ஹார்ன்பி ரெயில் பொம்மை வந்தது. வெள்ளி போல் மின்னிய மெக்கானோ பட்டைகளுக்கு 1926-ல் சிவப்பும் பச்சையும் பூசினார்கள். வண்ணத்தைக் கண்டால் குழந்தைகளுக்குக் கேட்கவா வேண்டும்?

ரெயில் இருந்தால் ரோடு வேண்டாமா? ரோட்டில் மோட்டார் ஓட வேண்டாமா? 1933-ல் உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள் வந்தன. மறு ஆண்டு அவற்றுக்கு 'டிங்கி' என்று பெயர் வைத்தார்கள்.

1931-ல் அந்தக் குமாஸ்தா பார்லிமெண்டு அங்கத்தினரும் ஆனார். 1936-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி காலமானார். பின்ஸ் ரோட் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது.

ஆனால் பெயர் மறையவில்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி வண்ணம் பூசும் மாதிரிக் கார்களுக்குப் பேர்போனது 'ஏர்பிக்ஸ்'. அதற்கான சின்னஞ்சிறு டப்பா பெயிண்டுக்குப் பேர்போனது 'ஹம்ப்ரால்'. இரண்டையும் 2006-ல் ஹார்ன்பி கம்பெனி வாங்கியது.

அப்படி ஒரு காரை உங்கள் வீட்டுப் பிள்ளை செய்கிறானா? 24-ல் ஒரு பங்கு அளவு என்றால், 12 அடிக் கார் 6 அங்குலம் ஆகிவிடும். துண்டுகளைச் சோப்பு நீரில் கழுவிக் காய வைக்கட்டும். விரல் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் பெயிண்ட் வழியும். கதவின் கோடுகள் மூடிப் போகும்.

முதல் பூச்சிலேயே பளபளப்பு வருவதில்லை. அவசரப்படும் பிள்ளையிடம் ஹார்ன்பியின் கதையைச் சொல்லுங்கள். 1901-ல் வாங்கிய கடன் 1906-ல்தான் லாபமாகக் காய்த்தது!