எஸ்தர் ஹௌலண்ட்

எஸ்தர் ஹௌலண்ட் (ஆகஸ்ட் 17, 1828 – மார்ச் 15, 1904) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வாழ்த்து அட்டைக் கலைஞரும் தொழில்முனைவோரும் ஆவார். காதலர் நாள் வாழ்த்து அட்டைகளை அந்நாட்டில் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகின்றார். அமெரிக்கக் காதலர் நாள் அட்டையின் தாய் என்றும் இவர் அழைக்கப்படுவதுண்டு.

வாழ்க்கைக் குறிப்பு

எஸ்தர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். இவரது தந்தை அந்நகரில் நூல்களும் எழுதுபொருட்களும் விற்கும் கடை நடத்தி வந்தார். மேரி லயன் என்பவர் 1837 இல் பெண்களுக்காகத் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் கல்வி நிலையத்தில் பயின்று, 1847 இல் எஸ்தர் பட்டம் பெற்றார். அதன் பின்னர், தந்தையின் வணிகத் தொடர்பினர் ஒருவர் அனுப்பிய அழகிய ஆங்கிலேய வாழ்த்து அட்டை ஒன்று இவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தன, விலையும் மிகுதி. தம்மாலும் இவற்றைச் செய்ய இயலும் என எஸ்தர் முடிவு செய்தார்.

தொழில்

தந்தையின் மூலம் லேஸ் தாளும் பூ வடிவங்களும் தருவித்துச் சில மாதிரி அட்டைகளை இவர் செய்தார். கடையின் விற்பனைப் பயணம் சென்ற இவரது சகோதரர் அவற்றையும் உடன் கொண்டு சென்றார். 200 டாலர் அளவுக்கு விற்பனையாகும் என எதிர்பார்த்த எஸ்தருக்கு 5000 டாலருக்கும் மேற்பட்ட கேட்புகள் வந்தன எனக் கூறப்படுகிறது.

தனியொருவரால் செய்ய இயலாத இவ்வேலைக்குத் தம் தோழியரை இவர் அமர்த்தினார். வீட்டின் மேல்தளத்தில் நீண்ட மேசை இடப்பட்டது. ஒருவர் படங்களை வெட்டுவார். அடுத்தவர் பின்னணி அமைப்பார். மற்றவர்கள் ஒவ்வோர் அடுக்காக ஒட்டுவர். வேலை முழுவதும் கையாலேயே நடைபெற்றது. வெளியே வர இயலாத பெண்களின் வீடுகளுக்கு மூலப்பொருட்களும் மாதிரி அட்டையும் பெட்டிகளில் அனுப்பப்பட்டு, செய்து முடித்த அட்டைகள் பின்னர் பெறப்பட்டன. பெண்களுக்கு ஊதிய வேலை அரிதாயிருந்த அக்காலத்தில் இது பலருக்கு வருவாய் அளித்தது.

அட்டைகளின் அமைப்பு

இவ்வட்டைகளின் அடிப்படை புடைப்பு வேலையாகும். வடிவம் செதுக்கிய அச்சின் மீது தாளை வைத்து அழுத்தினால் அவ்வடிவம் தாளில் மேலெழும்பும். மேலெழுந்த பகுதிகளைத் தேய்த்து நீக்கும்போது நுண்துளைகள் உண்டாகி, தாள் லேஸ் துணி போலத் தோன்றும். எஸ்தர் இத்தாளின் அடியில் பளபளப்பான வண்ணத் தாள்களை வைத்து, துளைகளின் வழியே நிறம் தெரியுமாறு செய்தார். லேஸ் அடுக்குகளை உயர்த்தி ஒட்டி ஆழம் தோன்றச் செய்தலும் இவரது முறைகளுள் ஒன்று. இவரது அட்டைகளிற் பலவற்றின் பின்புறம் சிவப்பு நிறத்தில் எச் என்னும் ஆங்கில எழுத்து காணப்படும்.

நிறுவனம் பின்னர் நியூ இங்கிலாந்து வாலண்டைன் கம்பனி எனப் பெயர் பெற்றது. 1879 இல் அது வாழ்த்துப் பாக்களின் தொகுப்பு நூலொன்றை வெளியிட்டது. அட்டையிலுள்ள பா பிடிக்காதோர், நூலிலிருந்து வேறொன்றைத் தெரிந்து அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

பிற்காலம்

நோயுற்ற தந்தையைப் பராமரிப்பதற்காக எஸ்தர் தொழிலைக் கைவிட்டார். 1881 இல் நிறுவனம் வூஸ்டரைச் சேர்ந்த ஜார்ஜ் விட்னிக்கு விற்கப்பட்டது. விட்னியின் நிறுவனம் இயந்திரங்களைக் கொண்டு இத்தொழிலை விரிவாக்கி 1942 வரை இயங்கியது. பிறரது காதலுக்கு அட்டைகள் செய்தளித்த எஸ்தர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. இவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சி நகரில் காலமானார்.